ஏழு கடலும் ஏழு மலையும் எங்கள் மேசை மேலே

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பள்ளியின் முன்கூடத்தில் கிறிஸ்து பிறப்புக் குடில் எழும்பும். வைக்கோல் வேய்ந்த கொட்டில், பழுப்புக் காகித மலை, முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒரு குளம், குளத்தில் மூன்று வாத்துகள். நவராத்திரி வந்தாலோ நம்மில் பலர் வீட்டில் கொலு. கொலுப் படிகளின் காலடியில் மணலைக் குவித்து, கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்து, ‘பார்க்’ ஒன்று கட்டுவார்கள். அங்கே கோயிலை விடப் பெரிய ஒட்டகச்சிவிங்கி நிற்கும். பக்கத்திலேயே கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் பதினொருவர் நிற்பார்கள். இந்த இரண்டு உலகங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டின் முன்னாலும் எங்கள் காதில் விழுந்த சொல் ஒன்றுதான்: “தொடாதே!”

தொட்டு விளையாடவே ஒரு நாட்டைச் செய்தால் என்ன? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எண்மர் இவ்வாண்டுப் பள்ளிப் பொருட்காட்சிக்கு எடுத்துக்கொண்ட வேலை இதுதான். எரிமலையை நான்கு ஆண்டுகளில் நான்கு முறை பார்த்துச் சலித்திருந்த எங்கள் ஓவிய ஆசிரியை உடனே சரியென்றார். அருட்சகோதரி அவர்கள் மட்டும், “அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் நீங்கள், சனிக்கிழமை பிற்பகல் மட்டும்தான்” என்று ஒரு வேலி போட்டார். அந்த வேலிக்குள் நாங்கள் கற்றதையே இங்கே எழுதுகிறோம். தங்கையர் எவரேனும் செய்ய விரும்பினால் எங்கள் தவறுகளை மீண்டும் செய்யாதிருக்கலாம்.

நாங்கள் செய்த பொருளுக்கு ‘நிலப்பலகை’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். மேசை மேல் மலை, ஆறு, காடு, பாலம் எல்லாம் அமைத்து, சிறு பொம்மைகளை அதில் நடத்திக் காய் உருட்டி விளையாடுவது மேல்நாடுகளில் பெரியவர்களும் ஆடும் விளையாட்டு. 1812-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் தம் அரசருக்கு அப்படி ஒரு மேசையைச் செய்து கொடுத்தார். குன்றும் ஆறும் சாலையும் மேடு பள்ளமாக அமைந்து வண்ணம் பூசப்பட்ட தனித்தனிக் கட்டைகள் அதில் இருந்தன. அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு முறையும் புதிய நாடு கிடைக்கும். அது படை அதிகாரிகளின் பயிற்சிக்கு உரியது. கால இயந்திரத்தைப் பற்றிக் கதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1911-இலும் 1913-இலும் எழுதிய இரண்டு சிறு நூல்களால் அதைப் பிள்ளைகளின் தரை விளையாட்டாக்கினார். மரக்கட்டைகள் வீடாயின; தோட்டத்துச் சுள்ளிகள் காடாயின. 1974-இல் அமெரிக்காவிலும் 1983-இல் இங்கிலாந்திலும் மாயக்கதை மாந்தரை வைத்து ஆடும் விளையாட்டுகள் வந்தபின், நிலமும் மாய நிலமாயிற்று. ஊதா நிறக் காடும், பச்சையாய் ஒளிரும் சேறும், சிவப்புப் பாறையும் மேசைக்கு வந்தன.

“போர் விளையாட்டா?” என்று அருட்சகோதரி புருவத்தை உயர்த்தினார். இல்லை, எங்களுடையது கிளியைத் தேடும் விளையாட்டு என்றோம்.

மாய நிலம் என்றால் அதற்கு மேல்நாட்டுக் கதையைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் ஆயா, கம்பைநல்லூரிலேயே பிறந்து வளர்ந்தவர், இரவில் சொல்லும் கதை இருக்கிறதே! ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகை. குகைக்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி. அந்தக் கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். இதைவிட நல்ல நிலப்படம் எந்தப் புத்தகத்தில் உண்டு? அந்த ஏழு கடல்களுக்கும் புராணத்தில் பெயரும் உண்டு: உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர். பெயரைச் சொன்னதுமே நிறமும் வந்துவிடுகிறதல்லவா? (கள்ளுக் கடலை மட்டும் எங்கள் பலகையில் தேன் கடல் ஆக்கிவிட்டோம். காரணத்தைத் தனியே எழுத வேண்டியதில்லை.)

இனி வேலைக்கு வருவோம். நிலப்பலகை செய்பவர் முதலில் நிலத்தைச் செய்யக் கூடாது. முதலில் ஆளைச் செய்ய வேண்டும். ஆளின் உயரம் தெரிந்தால்தான் கதவின் உயரமும் மரத்தின் உயரமும் தெரியும். ஏரிக் களிமண்ணை நன்றாகப் பிசைந்து, 2 அங்குல உயரத்தில் பொம்மைகள் செய்து நிழலில் உலர்த்தினோம். இளவரசி, கிழவி, மரவெட்டி, மீனவர், குள்ளன், கழுதை என்று பன்னிரண்டு பேர். சாயாமல் நிற்பதற்காக ஒவ்வொன்றையும் இரும்புக் கடையில் வாங்கிய ஓர் அங்குல அகல வாஷர் மேல் ஒட்டினோம்.

ஐந்தரை அடி மனிதன் 66 அங்குலம். எங்கள் பொம்மை 2 அங்குலம். ஆகவே அளவு 33-க்கு 1. இந்தக் கணக்கில் 7 அடிக் கதவு இரண்டரை அங்குலம் வரும், அது சரிதான். ஆனால் 60 அடிப் பனைமரம் ஏறத்தாழ 22 அங்குலம் வரும்! 4 அடி நீளப் பலகையில் இரண்டடிப் பனையை நட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவள் முகமே தெரியாது. மலையின் கதை இன்னும் வேடிக்கை. நமக்குத் தெரிந்த சேர்வராயன் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல். அதை 33-ஆல் வகுத்தால் 160 அடி. நம் பள்ளிக் கட்டடத்தைவிட உயர்ந்த மலையை மேசையில் வைக்க முடியுமா? சரி, பொம்மையை மறந்துவிட்டு, நிலப்படம் போல 4 அடிப் பலகையை 40 கிலோமீட்டர் நாடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதே மலை 2 அங்குலத்தைக்கூட எட்டாது. பொம்மை மலையின் பக்கத்தில் நின்று உச்சியைத் தடவிப் பார்க்கும்!

ஆகவே மேசை மேல் இரண்டு அளவுகள் ஒன்றாக வாழ வேண்டியிருக்கிறது. கையால் தொடும் பொருள்களான கதவு, படி, பாலம், கிணறு முதலியன பொம்மையின் அளவில் இருக்க வேண்டும். தொலைவில் பார்ப்பவையான மலை, காடு, கடல் முதலியன சுருங்கி நிற்க வேண்டும். கொலுவின் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துச் சிரித்த நாங்கள் இந்தக் கணக்குப் போட்டபின் சற்று அடக்கமாகிவிட்டோம். எங்கள் பனைமரங்களுக்கு 7 அங்குலம், மலைகளுக்கு 9 அங்குலம் என்று முடிவு செய்தோம்.

அடிப்பலகை 4 அடிக்கு 3 அடி. ஒரே பலகையாகச் செய்யவிருந்தோம். எங்கள் தோழியின் தந்தையார் தச்சு வேலை செய்பவர். அவர் வந்து பார்த்து, “ஏம்மா, இதுமேல மலையும் கட்டி, சட்டமும் அடிச்சா, இந்த வாசப்படியில எப்படி வெளியே எடுப்பீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எண்மரில் எவருக்கும் அது தோன்றவில்லை. அவரே ஒட்டுப்பலகையை 18-க்கு 16 அங்குலத்தில் ஆறு துண்டுகளாக அறுத்துக் கொடுத்தார். அப்போதுதான் ரைஸ்விட்ஸின் கட்டைகள் நினைவுக்கு வந்தன. துண்டுகளை மாற்றி அடுக்கினால் நாடும் மாறும் அல்லவா! அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு துண்டின் நான்கு விளிம்புகளிலும் பாதை சரியாக நடுவில்தான் வந்து முடிய வேண்டும். அப்போதுதான் எந்தத் துண்டு எதன் பக்கத்தில் வந்தாலும் பாதையோடு பாதை சேரும். ஆறு துண்டுகளை 720 விதமாக இடம் மாற்றலாம். ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பியும் வைக்கலாம் என்பதால் 46,080 விதம் என்று கணித ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டினார். நாங்கள் ஆடிப் பார்த்தது பதினோரு நாடுகளைத்தான்.

மலை கட்டுவதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

குடிலுக்கு மலை செய்யும் முறை எல்லோருக்கும் தெரியும். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, உள்ளே பெட்டிகளை முட்டுக் கொடுத்து, மேலே விரித்துவிட்டால் மலை. நாங்களும் அப்படியே, ஆனால் பழைய சேலைத் துணியைப் பசையில் தோய்த்துப் போட்டு, செங்குத்தாக, கூராக, மேகத்தைக் குத்துவது போல ஏழு மலைகள் எழுப்பினோம். பார்த்தவர் எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறகு இளவரசியைத் தூக்கி மலைமேல் வைத்தோம். சறுக்கி விழுந்தாள். கிழவி விழுந்தாள். கழுதை விழுந்து காது உடைந்தது. ஏழு மலைகளிலும் ஒரு பொம்மை நிற்க ஓர் அங்குல இடம் இல்லை. மலையை வெட்ட வேண்டும் என்று நால்வர். இவ்வளவு அழகான மலையை வெட்டுவதா, பொம்மைகள் அடிவாரத்தோடு சுற்றிப் போகட்டும் என்று நால்வர். ஒரு வாரம் பேச்சு வார்த்தையே இல்லை. கட்டிய மலைகளைக் கட்டியவள் அழுததும் உண்டு.

தீர்த்து வைத்தது கொலுப்படிதான். நவராத்திரி விடுமுறையில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒன்பது படிகளில் எத்தனையோ பொம்மைகள், ஒன்றுகூடச் சாயாமல் நின்றன. கீழே ‘பார்க்’கில் மணல் மேட்டின் சரிவில் வைத்த ஆட்டுக்குட்டிகள் மட்டும் படுத்துக் கிடந்தன. மலையை வெட்டக் கூடாது என்று சொன்ன நால்வரில் ஒருத்திதான் முதலில் அதைக் கவனித்துச் சொன்னாள். பலகை வெறும் படமாக இருந்தால் சரிவு போதும். ஆள் ஏற வேண்டிய மலைக்குப் படி வேண்டும்.

திரும்பி வந்து புவியியல் புத்தகத்தைத் திறந்தோம். சம உயரக் கோடுகள் என்று ஒரு பாடம் உண்டு. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். அவை நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தெர்மகோலில் வரைந்து, அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியபோதுதான் அது என்னவென்று கைக்குப் புரிந்தது. தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி வந்த பழைய தெர்மகோல் ஓர் அங்குலத் தடிப்பில் கிடைத்தது. ஒரு தட்டு ஓர் அங்குலம். ஒன்பது தட்டு ஒரு மலை. ஒரு பக்கம் ஒவ்வொரு தட்டையும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டினால் பொம்மை ஏறும் படி; மறுபக்கம் விளிம்போடு விளிம்பு சேர்த்தால் ஏற முடியாத பாறைச் சுவர். ஆக எந்தப் பக்கம் ஏறலாம், எந்தப் பக்கம் ஏறக்கூடாது என்பதை மலையே சொல்லிவிடுகிறது. காசியில் பாரத மாதா கோயில் என்று ஒன்று உண்டு. 1936-இல் காந்தியடிகள் திறந்து வைத்தது. உள்ளே சிலை இல்லை. பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் மலையும் ஆறும் சமவெளியும் பளிங்குக் கல்லில் மேடு பள்ளமாய்ச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பளிங்கில் செய்ததைத் தெர்மகோலில் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கொஞ்சம் பெருமைப்பட்டோம்.

மலையின் உருவத்தைப் பற்றி ஒரு சொல். மலை வரையச் சொன்னால் நாமெல்லோரும் முக்கோணம் வரைவோம். ஜன்னலைத் திறந்து பாருங்கள். நம் மாவட்டத்துக் குன்றுகள் முக்கோணமாகவா இருக்கின்றன? உருண்டைப் பாறைகளை யாரோ அடுக்கி வைத்தாற்போல் அல்லவா இருக்கின்றன! கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கி அரிக்கும்போது, மூலைகள் மூன்று பக்கமும் அரிபடுவதால் முதலில் தேய்ந்துவிடும்; முகங்கள் மெதுவாகத் தேயும். எனவே கட்டமாக வெடித்த கல் காலப்போக்கில் உருண்டையாகிறது. அது தெரிந்தபின் எங்கள் தட்டுகளின் மூலைகளையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தோம். முன்பு பிசுக்கோத்து அடுக்கினாற்போல் இருந்தவை அரை மணியில் மலையாயின.

அடுத்தது எங்கள் மிகப் பெரிய மடமை. சீக்கிரம் முடிக்க ஆசைப்பட்டு, பீய்ச்சி அடிக்கும் வண்ணக் குப்பி ஒன்றைக் கடையில் வாங்கி வந்து முதல் மலைமேல் அடித்தோம். மழையில் வைத்த வெல்லம் போல மலை கரைந்தது! கண்ணெதிரே குழிந்து, சுருங்கி, மூக்கைத் துளைக்கும் நெடியோடு ஒரு பக்கம் இடிந்தே போயிற்று. அந்த வண்ணத்தில் உள்ள கரைப்பான் தெர்மகோலைக் கரைத்துவிடும் என்று வேதியியல் ஆசிரியை பிறகு விளக்கினார். தெர்மகோலுக்கு நீரில் கரையும் வண்ணமே ஏற்றது. (இடிந்த மலையை எறியவில்லை. அந்தக் குழிவுகள் இயற்கையான குகையைப் போலவே இருந்தன. கிளி இருக்கும் குகை அதுதான். வேண்டுமென்றே செய்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திராது.)

மற்ற மலைகளைக் காகிதக் கூழால் போர்த்தினோம். முதலில் மைதாப் பசை போட்டுச் செய்தது திங்கட்கிழமை வந்து பார்த்தபோது எலி கடித்துக் குதறியிருந்தது. புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, சிறுமியர் கைபடும் பொருளில் கூடாது என்று அருட்சகோதரி தடுத்துவிட்டார். மறுபடியும் ஆயாதான் வழி சொன்னார். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் ஆட்டி, கூடையும் முறமும் மெழுகுவது அவர்கள் வீட்டு வழக்கம். வெந்தயத்தின் கொழகொழப்பு பசையாகிறது. கசப்பு பூச்சியை அண்டவிடாது. அதன்பின் எலி வரவில்லை. வகுப்பறையில்தான் ஒரு மாதம் வெந்தய வாசனை!

கூழ் காய்ந்ததும் வண்ணம். இதில் ஒரு சிறு நுட்பம் உண்டு. முதலில் மலை முழுதும் அடர்ந்த நிறத்தைப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு அதே நிறத்தில் வெள்ளை கலந்து, தூரிகையைத் தோய்த்து, துணியில் நன்றாகத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேலாக வருட வேண்டும். மேடுகளில் மட்டும் வெளிர் நிறம் ஒட்டும். பள்ளங்கள் இருண்டே இருக்கும். வெயில் பட்ட பாறை போலவே தோன்றும். சமமாகப் பூசினால் பிளாஸ்டிக் வாளி போல் இருக்கும்.

என்ன நிறம் பூசுவது? 1947-இலிருந்து பல்லாண்டுகள் வெளிவந்த ‘அம்புலிமாமா’ இதழ்கள் எங்கள் தோழி வீட்டுப் பரணில் கட்டாக இருந்தன. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்துவரும் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் (1924–2020) முதலானோரின் படங்களைப் பார்த்தே நிறத்தைத் தேர்ந்தோம். ஆனால் அழகுக்காக மட்டும் நிறம் தீட்டவில்லை. எங்கள் பலகையில் நிறம்தான் சட்டம். மஞ்சள் மண் என்றால் தடையின்றி நடக்கலாம். ஊதாச் சேறு என்றால் ஒரு சுற்று நின்றுவிட வேண்டும். சிவப்புப் புல் என்றால் திரும்பிப் போக வேண்டும். பச்சைப் புல் என்றால் இளைப்பாறலாம். புத்தகத்தைப் புரட்டாமல் பலகையைப் பார்த்தே ஆடலாம் என்பது எங்கள் எண்ணம். இயற்கை நிறம் பூசியிருந்தால் எல்லாம் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். ஆடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

புல்லுக்கு, மரம் அறுக்கும் மில்லில் மரத்தூள் வாங்கி, மாவுச் சல்லடையில் சலித்து, வண்ண நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தோம். பலகையில் பசை தடவி, தூளைத் தூவி, உலர்ந்தபின் கவிழ்த்துத் தட்டினால் ஒட்டாதது உதிர்ந்துவிடும். மரங்களுக்கு முற்றிய பீர்க்கங்கூடு. அதை வெட்டி, சாயத்தில் நனைத்து, சுள்ளியில் குத்தினால் நீலமும் இளஞ்சிவப்புமாக மந்திரவாதி வனம் ரெடி. பனைக்குத் தென்னை ஈர்க்கும் துடைப்பக் குச்சியும். கடலுக்கு, வண்ணம் பூசிய பள்ளத்தில் வெள்ளைப் பசையை மெல்ல ஊற்றிக் காயவிட வேண்டும். பால் போல் ஊற்றியது கண்ணாடி போல் காயும். அவசரப்பட்டுத் தடிப்பாக ஊற்றினால் அடியில் வெண்மையாகவே நின்றுவிடும். நெய்க் கடல் அப்படித்தான் கெட்டது. உறைந்த நெய் என்று சொல்லிச் சமாளித்தோம்.

பொருட்காட்சிக்கு முந்திய நாள் ஒத்திகை ஆடினோம். ஒரு தோழியின் தம்பி, எட்டு வயது, ஆட வந்தான். நல்ல சுறுசுறுப்பு. ஆனால் சிவப்புப் புல்லில் போய் நின்றுகொண்டு, “அக்கா, இளைப்பாறுறேன்” என்றான். திருத்தினோம். மறுபடியும் அதையே செய்தான். விளையாட்டுக் காட்டுகிறான் என்று அவன் அக்கா அதட்டினாள். அவன் அழுகிற குரலில், “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்றான். அறிவியல் ஆசிரியை அவனை அருகில் அழைத்து, வண்ணக் கட்டிகளைக் காட்டிக் கேட்டுப் பார்த்தார். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாத கண் அது. இப்படி இருப்பது ஆண் பிள்ளைகளிடம் அதிகம், பெண்களிடம் மிக அரிது. தாய்வழியாக வரும் தன்மை என்று ‘மரபியல்’ பாடத்தில் படித்திருக்கிறோம். படித்திருந்தும் எங்கள் எண்மரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எட்டு வயதாகியும் அவன் வீட்டாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாலையில் அழைத்துப் போக வந்த அவன் அம்மாவிடம் ஆசிரியை பக்குவமாக எடுத்துச் சொல்லி, கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். அந்த அம்மா, “சட்டை நிறத்தை மாத்திச் சொல்றப்பெல்லாம் அடிச்சிருக்கேனே” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்று இரவு விடுதி மாணவியர் நால்வர், அனுமதி பெற்று, சிவப்புப் புல்லை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் தேங்காய் நாரைக் குட்டையாகக் கத்தரித்து முள் போல நட்டு, அதன்மேல் சிவப்பு பூசினார்கள். சேற்றுக்குக் கருங்கல் தூளும் பசையும் கலந்து குமிழ் குமிழாக வைத்தார்கள். முதலிலிருந்தே பாற்கடலும் தயிர்க்கடலும் ஒரே வெள்ளையாக இருந்து எங்களையே குழப்பின. தயிரைக் கட்டி கட்டியாக ஆக்கியதும் அந்தக் குழப்பமும் தீர்ந்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எது எது என்று தெரியும். மறுநாள் அந்தத் தம்பி இரண்டு ஆட்டம் ஆடி, ஒன்றில் அவன் அக்காவையே தோற்கடித்தான்.

ஆடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இருவர் எதிரெதிர் மூலையிலிருந்து மும்மூன்று பொம்மைகளோடு புறப்பட வேண்டும். உருட்டுவது நம் வீட்டுத் தாயக்கட்டைதான். விழும் ஒவ்வோர் எண்ணுக்கும் 2 அங்குலம் நடக்கலாம். முடிச்சுப் போட்ட நூலால் அளந்துகொள்வோம். இரண்டு கட்டைகளிலும் 0, 1, 2, 3 என்று இருப்பதால் 16 விதமாக விழலாம். அதில் 3 விழுவது 4 விதம். தாயம் 2 விதம். பன்னிரண்டு ஒரே ஒரு விதம். அதிகமாக விழுவது 3 என்பதால் பாலங்களை எல்லாம் 6 அங்குல நீளத்தில் அமைத்தோம். குகையின் வாசலுக்கு மட்டும் தாயம் விழுந்தால்தான் நுழையலாம். வாசலில் நின்றுகொண்டு இருபது உருட்டல் உருட்டியும் தாயம் விழாத தலைமையாசிரியரின் கதை, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாள் முழுவதும் வரிசை நின்றது. ‘தொடாதே’ என்று ஓர் அட்டைகூட நாங்கள் வைக்கவில்லை. மாலையில் எண்ணிப் பார்த்தபோது இரண்டு பனை ஒடிந்திருந்தது, கழுதையின் இன்னொரு காதும் போயிருந்தது, தேன் கடலில் யாரோ ஒரு புளியங்கொட்டையைப் பதித்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரி செய்தோம். புளியங்கொட்டையை மட்டும் தீவு என்று விட்டுவிட்டோம்.

ஆறு துண்டுகளும் இப்போது நூலக அறையில், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குப் பக்கத்தில், இரண்டு மரப்பெட்டிகளில் இருக்கின்றன. மதிய இடைவேளையில் நூலகப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பெறலாம். வெந்தயக் கூழ் மீதி சிறிது புட்டியில் உள்ளது. அது கெட்டுப்போயிருக்கும், திறக்க வேண்டாம். பொம்மைகள் பன்னிரண்டும் பத்திரம். குகைக்குள் இருந்த கிளி மட்டும் பொருட்காட்சி அன்று மாலையிலிருந்து காணவில்லை. அரை அங்குல நீளம், பச்சை நிறம், மூக்கு சிவப்பு. கண்டெடுத்த தங்கை பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவில் கொடுத்தால், அடுத்த ஆட்டத்தில் முதல் உருட்டல் அவளுக்கே.